மூன்று வருடம் நீண்ட மத்தியானம்

வானகரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழேயே ஒரு சலூன் வந்துவிட்டது. போன வாரம் தலைக்கு டை அடிக்கப் போயிருந்தேன். இருக்கிற முடிக்கு அது கொஞ்சம் அதிகப்படியான மரியாதைதான், இருக்கட்டும். பக்கத்து நாற்காலியில் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன். நல்ல அடர்த்தியான தாடி. "ஃபுல்லா எடுத்துருங்கண்ணா" என்றான். கடைக்காரர் நுரையைக் குழைத்தார். அந்த எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். "ஐயோ, வேணாம்ப்பா!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலை முழுக்கக் கறுப்பு மையோடு ஒருவன் அடுத்தவன் தாடிக்காகப் பதறினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

என்ன செய்வது, ஒரு தாடியை நம்பி மூன்று வருடம் வாழ்ந்தவன் நான். அதுவும் என் தாடி இல்லை.

அப்போது அம்பத்தூரில் ஒற்றை அறையில் இருந்தேன். விசிட்டிங் கார்டில் 'திரைப்பட இயக்குநர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அதற்குக் கீழே, கூச்சப்பட்டுக்கொண்டு, 'விளம்பரப் படங்களும் எடுத்துத் தரப்படும்'. லோக்கல் கேபிள் டி.வி.யில் படத்துக்கு நடுவே கடை முதலாளிகள் கைகூப்பிக்கொண்டு நடந்து வருவார்களே, அது நம் கைவண்ணம். ஓர் அரிசிக்கடைக்காரர் சிரிக்கச் சொன்னால் அழுதார். வேறு வழியில்லாமல் அழுததையே போட்டேன். "ஜனங்க உருகிட்டாங்கோ டைரக்டரே" என்று அவர் பிரியாணி வாங்கித் தந்தார்.

இதெல்லாம் என் சொந்தப் படத்துக்காக. கதை சின்னதுதான். ஆவடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட். ஒருவன் அவசரமாக அந்தப் பக்கம் போக வேண்டும். கேட் மூடிக் கிடக்கிறது. காத்திருக்கிறான். கடைசியில் கேட் திறக்கிறது, கடந்து போகிறான். ஒரே மத்தியானத்தில் முடிகிற கதை. ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்று நம்பினேன். அந்த மத்தியானம் மூன்று வருடம் நீண்டது.

என் ஹீரோ, என் சிநேகிதன் சேகருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. எனக்கோ, ஏதாவது விளம்பரம் கிடைத்தால்தான் வாடகைக்குக் கேமரா. இரண்டும் கூடி வருகிற ஞாயிறு பார்த்து மழை பெய்யும். ஒரே மத்தியானம் என்பதால் ஒரே சட்டை, ஒரே தாடி. கண்டினியூட்டி என்பார்கள். முதல் ஷாட்டில் இருந்த மனிதன் கடைசி ஷாட்டிலும் அப்படியே இருந்தாக வேண்டும் என்கிற கொடுமை அது. நிறம் வெளுத்துவிடும் என்று சட்டையைத் துவைக்கக்கூட நான் விடவில்லை. சேகர் வருவதற்கு முன்பே சட்டை வந்துவிடும். வியர்வையும் தண்டவாளத் தூசியும் கலந்த ஒரு வாடை.

கம்பெனியில் அவனுக்கு 'சாமியார்' என்று பெயராகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்கு லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவன் அம்மா என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "டேய் நைனா, என் புள்ளைக்கு எப்பதான்டா கேட்டு தொறப்ப?"

திறக்கிற ஷாட் ஒன்றுதான் பாக்கி. அடுத்த ஞாயிறு எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் ஒரு விளம்பரத்தை முடித்துக் கொடுத்தால். புதிதாகத் திறந்த ஓர் ஆண்கள் அழகு நிலையம். தாடிக்காரன் உள்ளே போய் மாப்பிள்ளையாக வெளியே வர வேண்டும். தாடிக்காரனாக நடிக்க ஆளையும் பேசி வைத்திருந்தேன். அந்த மகானுபாவர் முந்தின நாள் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தாடியையும் சாமிக்கே கொடுத்திருந்தார்.

கடை முதலாளி சுற்றிலும் பார்த்தார். எனக்கு உதவியாக லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சேகர் மேல் அவர் கண் போய் நின்றது.

"இன்னா டைரக்டரே, தாடிய பக்கத்துலயே வச்சுக்கினு ஊரெல்லாம் தேடிக்கினு கீற?"

எடுத்தால் ஹீரோ இல்லை. எடுக்காவிட்டால் கேமரா இல்லை. சேகர்தான் லைட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வுடு மாமே. தாடிதான, வளந்துரும். கேட்டு எங்க பூடப்போது? அங்கியேதான் கீது."

அதே எலுமிச்சை வாசனை. தாடி கொத்துக் கொத்தாக விழ, என் படம் பாழாவதை நானே ஒரு விளம்பரத்துக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சேகர் முகவாயைத் தடவிப் பார்த்தான்.

"இன்னா மாமே, நல்லா கீறனா?"

நன்றாகத்தான் இருந்தான். அதுதான் வினையாகிவிட்டது. கேபிளில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வெள்ளானூரிலிருந்து பெண் வீட்டார் தாமாகவே வந்தார்கள். கல்யாணம் ஆனதும் சேகரின் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா தாடி கீடின்னா எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்."

இந்தக் கல்யாணத்துக்கெல்லாம் முன்பே, சொன்னபடி அந்த ஞாயிறு கேமரா வந்தது. தாடியோடு ஹீரோ இல்லை. வந்த கேமராவைச் சும்மா வைப்பானேன் என்று ஒரு பர்னிச்சர் கடை விளம்பரம் எடுத்தேன். அப்படித் தொடங்கியதுதான் என் தொழில். கட்டில், மனை, வாஷிங் பவுடர் என்று இன்றுவரை அந்த ஞாயிறு முடியவில்லை. கார்டில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எப்போதோ இடம் மாறிக்கொண்டன.

சலூனில் கத்திய கதையைச் சொல்வதற்காக அன்று சாயங்காலம் சேகரைப் பிடித்தேன். பைக்கில் ஆவடி போனோம். கேட் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம். கேட்டில் நிற்கிற பஸ்களை நம்பிப் பிழைத்த வேர்க்கடலைக்காரர் இல்லை, கேட்கீப்பரின் குட்டி அறை இல்லை, மணிச் சத்தம் இல்லை. நான் எடுத்த கேசட்டுகளை ஓட்டுகிற மெஷின்கூட எங்கேயும் இல்லை. யாரும் யாருக்காகவும் நிற்காமல் பறக்கிறார்கள்.

பாலத்தின் நடுவில் சேகர் பைக்கை ஓரங்கட்டினான். எட்டிக் கீழே பார்த்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"கீய நம்மாளு ஒத்தன் தாடியோட இன்னும் நின்னுக்கினு கீறான் மாமே. பாலம் வந்துச்சுன்னு எவனும் அவனாண்ட சொல்லல போல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடந்து போனோம்.