அறுபத்தோராம் பக்கத்து அலமாரி

விரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு. பிறகு காதை மரத்தோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பழைய சாமான் கடைக்காரர் எதிரில் மூச்சுவிடாமல் நிற்கிறார். "உள்ள பூரா உளுத்துப் போச்சு. பொத்து பொத்துனு கேக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு பக்கத்திலிருந்த மேசைக்கு நகர்கிறார் பசையக்கா. கடைக்காரர் அந்த நாற்காலியைப் பார்க்கும் பார்வையில், பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட துக்கம் இருக்கிறது.

அக்கா எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு. நான் மேல்வீடு. பிறர் வேண்டாமென்று கழித்துவிட்ட மேசை, முக்காலி, அலமாரிகளை வாங்கிவந்து, தேய்த்து, பட்டி பார்த்து, வர்ணமடித்து, மேலே காகிதம் ஒட்டி, வார்னிஷ் பூசி விற்பது அவர் தொழில். கார் இல்லாத கார் ஷெட்தான் பட்டறை. வயது ஐம்பத்தாறு. முழங்கை வரை காய்ந்த பசை. பேசிக்கொண்டே அதைத் தோல் உரிப்பதுபோல் உரித்து உரித்துக் கீழே போடுவார். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ வியாதி என்று பயந்து சற்றுத் தள்ளி உட்காருவார்கள்.

சாமான்களை இத்தனை மரியாதையாகத் தட்டிப் பார்க்கிற அக்கா, எந்த வீட்டுக் கதவையும் தட்டியதாகச் சரித்திரம் இல்லை. நான் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வரும். "தம்பி, பழைய சட்டை ஒண்ணு குடு, வார்னிஷ் துடைக்கணும்." கண் மட்டும் நான் போட்டிருக்கிற சட்டையின் மேல் இருக்கும். நாற்பது வயதும் இடுப்பு வலியும் உள்ள என்னை அலமாரி தூக்கக் கூப்பிடுவதும் இப்படித்தான். கூப்பிடுவது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு முனையை அவர் தூக்கிவிட்டு இன்னொரு முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தால் அதிகம் அடிபட்டவர் அவர் கணவர், நான் சார் என்று கூப்பிடுகிறவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வீடுகளின் கொல்லைப்புறத்தைப் பார்த்ததாலோ என்னவோ, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொலை ஒளிந்திருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒரு மர்ம நாவலாக எழுதி, சொந்தச் செலவில் அறுநூறு பிரதி அச்சடித்தார். 'பூட்டிய அறையில் ஒரு தும்மல்' என்று பெயர். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் பழுப்புக் காகிதக் கட்டுகளாகப் பரணில் ஏறிவிட்டன. இப்போது சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது நாவல் எழுதுகிறார். கரண்டி எங்கே, கத்திரிக்கோல் எங்கே என்று கேட்டுக்கொண்டு அக்கா தடாலென்று உள்ளே நுழைவார். "இவ வரும்போதெல்லாம் கொலைகாரன் தப்பிச்சு ஓடிடுறான்" என்று அவர் என்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறார்.

இனி காகித விஷயத்துக்கு வருகிறேன். செய்தித்தாள் பசை பட்டதும் மை கலங்கிப் போகும். பளபளப்பான பத்திரிகைத் தாள் குமிழ் குமிழாக உப்பிக்கொள்ளும். படம் போட்ட நல்ல ஒட்டுத்தாள் வாங்கக் கட்டுப்படியாகாது. அக்கா பல மாதம் தேடி அலுத்துப்போய் ஒருநாள் பரணைப் பார்த்தார். கொஞ்சம் முரட்டுத் தாள், பத்து வருஷத்தில் நல்ல தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஈர விரலால் தேய்த்துப் பார்த்தார். மை அசையவில்லை.

"சும்மா சொல்லக்கூடாது தம்பி, அவர் எழுத்து மாதிரி வராது. எவ்வளவு தண்ணி பட்டாலும் கலங்காது" என்றார் என்னிடம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருட்டில் ஒரு நேர்த்தி இருந்தது. முன்வரிசைக் கட்டுகளைத் தொடவே மாட்டார். கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்துதான் உருவுவார். சாருக்கு முட்டிவலி, ஏணி ஏற மாட்டார். தினமும் காலையில் பல் தேய்த்தபடி பரணை ஒரு பார்வை பார்ப்பார். முன்வரிசை அணிவகுப்பு மாதிரி நிற்கும். திருப்தியோடு வாய் கொப்பளிக்கப் போவார். அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதற்கு அக்கா, "தெரிஞ்சா அடுத்ததை எழுத மாட்டாருல்ல? பாவம், எழுதட்டும்" என்றார். யாருக்காகப் பரிதாபப்படுகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த நாவலின் தாள் எந்த ரகம் என்பதை மட்டும் விசாரித்து வைத்திருந்தார்.

அவர் வேலை செய்கிறபோது பார்க்கவேண்டும். வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கரைத்து அகலத் தூரிகையால் பூசுவார். பக்கத்தை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரத்துணியால் நீவுவார். ஒரு காற்றுக் குமிழ் தப்பிவிட்டால் ஊசியால் குத்தி, "எங்க போற நீ?" என்று கேட்டுவிட்டு அமுக்குவார். அந்த நேரத்தில் உலகமே இடிந்து விழுந்தாலும் திரும்ப மாட்டார். ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்று ஓடிவந்து சொன்னேன். "பாலை வேற வாங்கிக்கலாம். பசை யாருக்காகவும் காத்திருக்காது" என்று தலைநிமிராமல் பதில் வந்தது.

இப்படி நாவலின் முதல் அத்தியாயம் ஒரு தையல் கடையின் முக்காலியாயிற்று. மூன்றாவது அத்தியாயம் யாரோ ஒரு புதுத் தம்பதியின் கட்டிலருகே போயிற்று. பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒரு சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. வாங்கியவர்கள் இதுவரை குறை சொல்லவில்லை. ஏழு டிராயர் வைத்த ஓர் அலமாரி, கடல்நீல வர்ணத்தில், ஒரு பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறைக்குப் போனது. அதில்தான் குட்டு உடைந்தது.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அந்த டாக்டரம்மா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் சார். அக்கா ஷெட்டில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மேசைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசல் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

டாக்டரம்மாவின் குறை இதுதான். அலமாரி பிரமாதம். ஆனால் அதில் அறுபத்தோராம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றேழு வரை ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும்தான் தெரிகின்றன. இரட்டைப்படைப் பக்கமெல்லாம் மரத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயாளிகள் டிராயர் டிராயராகப் படித்துவிட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். கைக்குட்டையில் இருந்த எழுத்து என்ன என்கிற இடத்தில் சரியாகக் கைப்பிடி திருகப்பட்டிருக்கிறது.

"பல் வலியே இல்லாத ஒருத்தர் ரெண்டு தடவை வந்துட்டார், கடைசி டிராயரைப் படிக்கிறதுக்கு. அந்த அறைக்குள்ள தும்மினது யாருங்க? அதைத் தெரிஞ்சுக்காம என்னால ஒரு பல்லை ஒழுங்காப் பிடுங்க முடியல" என்று சொல்லிக் கைபேசியில் அலமாரியின் படத்தைக் காட்டினார்.

அக்காவின் கையிலிருந்த உப்புத்தாள் நின்றுவிட்டது. நான் மேசைக்காலை விட்டுவிட்டு நைசாக மாடிக்கு நழுவலாமா என்று பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். தன் வரி, தன் அறுபத்தோராம் பக்கம், நீல அலமாரியில். முகம் கறுத்து, பிறகு சிவந்து, கடைசியில் என்ன நிறம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றாயிற்று. சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, மிகவும் பணிவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்கள்லாம் யாரைச் சந்தேகப்படுறாங்க?"

பெரும்பாலோர் சமையல்காரனை, தான் மட்டும் மாப்பிள்ளையை என்றார் டாக்டரம்மா. சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். மீதிப் பக்கங்களைத் தானே நேரில் வந்து தருவதாகவும், முடிவை மட்டும் இப்போது கேட்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பிவைத்தார். எழுதிப் பத்து வருஷமாகி, அவருடைய கதையின் முடிவைக் கேட்டு ஒருவர் வாசற்படி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனவர் ஏணி கேட்டார். நானும் அக்காவும் கொண்டுபோனோம். முட்டிவலியோடு ஏறினார். முன்வரிசையில் ஒரு கட்டை நகர்த்தினார். பின்னால் சுவர் தெரிந்தது. இன்னொன்றை நகர்த்தினார். அங்கேயும் சுவர்தான். ஏணியைப் பிடித்திருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அதற்குள் பதிலைத் தயார் செய்துவிட்டார் என்று அவர் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. சும்மாத்தானே கிடந்தது, கரையான் தின்பதற்குப் பதில் நாலு பேர் வீட்டில் அழகாக இருக்கட்டுமே என்பதுபோல ஏதாவது வந்திருக்கும். சார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கீழே இறங்கி, கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"இத்தனையும் ஒட்டினியே. ஒரு தடவையாவது படிச்சியா?"

அக்கா முழங்கைப் பசையை ஒரு துண்டு உரித்தார். "பசை காஞ்சிடுமேன்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. சார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அக்காவைவிட வெட்கமாக இருந்தது. எனக்கு அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி என் ஃபிரிட்ஜின் ஆடும் காலுக்கு அண்டக்கொடுத்து நிற்கிறது. இது வெளிவரும் பத்திரிகை அவர் கண்ணில் படக்கூடாதே என்பதுதான் என் இப்போதைய கவலை.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. அக்கா அந்த அறைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவார். வந்தும் வேலை ஓடவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்தார். அந்தக் கேள்வி அவருக்குள் எங்கேயோ மரச்சிலாம்பு ஏறியதுபோல் தங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஷெட் மேசைமேல் ஒரு கட்டு. முன்வரிசையிலிருந்து இறக்கப்பட்டது. யார் இறக்கினார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பிரித்து மறுபடி கட்டிய சணல் முடிச்சில்கூட ஒரு மீட்டர்க்காரரின் ஒழுங்கு இருந்தது. "மனுஷனுக்குக் கோபம் தணிஞ்சிருச்சு" என்று அக்காவின் முகம் விடிந்தது. உடனே பசையைக் கரைத்தார். ஒரு பிரதியை எடுத்து முதல் பக்கத்தை உரித்தார். தூரிகையைத் தோய்த்தார். பக்கத்தை வைக்கப் போனவர், வைக்கவில்லை.

படித்தார். திருப்பினார். அடுத்ததை உரித்துப் படித்தார். பிறகு உரிப்பதையும் விட்டுவிட்டுப் புத்தகமாகவே பிடித்துக்கொண்டார். கால் வலித்தபோது பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது நான் அரைமணி நேரம் முன்புதான் அவர் சொல்படி நீல வர்ணம் அடித்த நாற்காலி. சொல்ல வாயெடுத்தேன். "இரு தம்பி, பூட்டை உடைக்கிறாங்க" என்று கையமர்த்திவிட்டார். கிண்ணத்துப் பசையில் ஆடை கட்டியது. மத்தியானம் அது கல்லாகி, தூரிகை அதில் நட்டுவைத்ததுபோல் நின்றது. இடையில் ஒருமுறை தலையை நிமிர்த்தி, சமையல்காரன் நல்லவன் போலிருக்கிறதே என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் என்னத்தைக் கண்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் "என்னது இது?" என்றொரு குரல். கடைசிப் பக்கங்களைக் காணோம். தும்மியவனின் பெயரைச் சொல்ல இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமுகிற இடத்தில் புத்தகம் நின்றுவிட்டது. இன்னொரு பிரதியை எடுத்தார். அதிலும் இல்லை. கட்டு முழுவதையும் பிரித்துக் கொட்டினார். இருபது பிரதியிலும் கடைசி எட்டுப் பக்கம் பிளேடால் வெகு சுத்தமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரைப் பார்க்கிற பார்வை அது. "அடப்பாவி மனுஷா" என்றார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. என் ஃபிரிட்ஜுக்கு அடியில் முழுப் பிரதி ஒன்று இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

எழுந்து வீட்டுக்குள் போனார். முதுகில் நாற்காலியின் நாலு சட்டமும் நீலக் கோடுகளாகப் பதிந்திருந்தன. நானும் பின்னால் போனேன். சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. வழக்கப்படி அதைத் தள்ளக் கையை உயர்த்தியவர், உயர்த்திய கையோடு நின்றார். பிறகு விரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, காதைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.