கதவைப் பார்த்துவிட்டுச் சொன்ன பகிடி

போன கிழமை மெட்ரோவில் இரண்டு ரஷ்யப் பொடியள் கைத்தொலைபேசியில் வந்த பகிடி ஒன்றை உரத்து வாசித்து, முடிக்கும் முன்னரே தாங்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே, என்ன பகிடி என்று கேட்டேன். புதுப் பணக்காரன் ஒருவன், அவனுடைய காரின் விலை, அவ்வளவுதான். உடனே எனக்குச் சந்தேகம் தட்டியது. இவர்கள் உண்மையிலேயே ரஷ்யர்கள்தானா? ஒருவனும் கதவைப் பார்க்கவில்லையே.

கதவு என்றதும் ரஷ்யரான யூரிதான் நினைவுக்கு வந்தார். டோர்வலில், விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். நான் தட்டில் பாண் வைப்பேன், அவர் பட்டர் வைப்பார். இன்றைக்கும் குளிர்ந்த பட்டர் மணந்தால் அந்த நாள் பயம் திரும்பி வரும். அப்போது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை.

யூரி முதலில் கதவைப் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, செத்தவீட்டு முகத்தோடு, பழைய சோவியத் காலத்துப் பகிடி ஒன்றை உடைந்த ஆங்கிலத்தில் அவிழ்ப்பார். ஒருவன் நின்றுபோன மணிக்கூட்டைத் திருத்தக் கொண்டுபோனானாம். கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "இதில பழுதொண்டுமில்லை. நீ கதைக்கிறதைக் கேக்கத்தான் நிண்டிருக்கு."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் மேலிடத்தைப் பற்றிப் பகிடி விட்டால், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர் என்றே எடுத்துக்கொள்வோம். வில்லரேயில் என்னோடு அறையில் இருந்த மன்னார் அண்ணையும் தூபம் போட்டார்: "அவன் உன்னை ஆழம் பாக்கிறான், பல்லைக் காட்டிப்போடாதை." யூரியும் விடவில்லை, நாளுக்கொன்று சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

வழக்கு வென்றதும் கேக் வாங்கிப்போனேன். யூரிக்கு முன்னால் நின்று, பழைய மணிக்கூட்டுக்கும் சேர்த்துச் சிரித்தேன். அவர் கேக்கைக் கீழே வைத்தார்.

"நீ சிரிப்பியா? எங்கட ஊரில சிரிக்காமக் கேக்கிறவன்தான் போய்ச் சொல்லிக்குடுக்கிறவன். உன்னை ஆரோ அனுப்பின ஆள் எண்டெல்லோ நினைச்சன். அதுதான் நாளுக்கொண்டு சொல்லிப் பாத்தனான்."

ஆக, ஆழம் பார்த்தது உண்மைதான். அண்ணைக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

யூரி இப்போது லாசாலில் ஓய்வாக இருக்கிறார். அவரும் மாறிவிட்டார். கணினியில் வரும் பணக்காரன் பகிடிகளைத் தொலைபேசியில் எனக்கு உரத்து வாசிக்கிறார். பயம் போனது நல்லதுதான். ஆனால் அந்தத் தாழ்ந்த குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதோ என்று எனக்கு ஐமிச்சம்.

ஊரிலிருந்து கொண்டுவந்து, இதுவரை ஒருவருக்கும் சொல்லாத பகிடி ஒன்று என்னிடம் இருக்கிறது. வாற ஞாயிறு லாசாலுக்குப் போய் அதை யூரிக்குச் சொல்லப்போகிறேன், கதவைப் பார்க்காமல். அவர் சிரிக்காவிட்டால், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொருதரம் மெதுவாகச் சொல்வேன்.