மணற்காட்டில் கழற்றிய சிவப்பு நாடாக்கள்

தெரியாத ஒன்றைக் கண்டால் யாரையும் கேட்காமல் கைவைக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது?

நேற்றுத்தான் அந்த ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். மணற்காட்டுச் சவுக்கந்தோப்புக்குள் ஓட்டம். அம்மாவின் ஊர், வழி எனக்குத் தெரியும் என்று, புறப்படும் முன் தந்த விளக்கத்தை நான் காதில் வாங்கவில்லை.

மெதுவாக ஓடுகிறவர்களை முன்னதாக அனுப்புவது அவர்கள் வழக்கம். அதனால் தனியாக முன்னே போனேன். வழி நெடுகக் கிளைகளில் சிவப்புப் பிளாஸ்ரிக் நாடாக்கள். குப்பை என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொக்கற்றுக்குள் திணித்தேன்.

அவை பாதை காட்டக் கட்டியவை. பின்னால் வந்த எல்லோரும் வழி தவறி, வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

“ஊர்ப் பெடியளின்ரை வேலையாத்தான் இருக்கும்,” என்று ஊர்ப் பையன்கள்மேல் பழியைப் போட்டார் குழுவை நடத்தும் சுதன். பிறகு என்னிடம், “அக்கா, நீங்கள்தானே முன்னுக்குப் போனனீங்கள். ஆரையும் கண்டனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

இரவு நித்திரை வரவில்லை.

இன்று காலை குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “கழற்றியது நான்தான். பொய்யும் சொன்னேன். மன்னியுங்கள்.”

உடனே சுதனின் பதில் வந்தது: “தெரியும் அக்கா. நீங்கள் இல்லையெண்டு சொல்லேக்கை உங்கடை பொக்கற்றாலை ஒரு முழ நாடா தொங்கிக்கொண்டு நிண்டது. எல்லாரும் கண்டனாங்கள்.”

இதற்கு நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்?