உறைந்த மண்

ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தின் சின்ன ரயில் நிலையத்தில் நானும் தங்கை ரங்காவும் இறங்குகிறோம். முழங்கால்வரை பனி. காசநோய்க்கு வைத்தியம் பார்க்க இங்கே வந்த அவள் கணவர், நாங்கள் மைசூரிலிருந்து புறப்பட்டுக் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். இந்த ஊரில் எரிக்க வழியில்லை, புதைக்கத்தான் வேண்டும்.

மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் குழிவெட்டுபவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் சொல்கிறார்: "மண் கல்லாக உறைந்திருக்கிறது. வசந்தம் வந்தால்தான் தோண்டலாம். அதுவரை சவப்பெட்டி இந்தக் கொட்டகையில்தான் இருக்கும்."

நான் அதைத் தமிழில் சொல்கிறேன். ரங்கா அழவில்லை. சவப்பெட்டியருகே வெகுநேரம் நிற்கிறாள்.

"சாயங்கால வண்டிக்குக் கிளம்பலாமா?" என்கிறேன்.

"நீ போ அண்ணா. உயிர் போறச்சேதான் நான் அவர்கூட இல்லே. மண்ணுக்குள்ள போறச்சேயாவது இருக்கேன்."

கீழே ரயில் கூவுகிறது. நான் போய், நிலையத்தில் விட்டுவந்த எங்கள் இருவர் சாமான்களையும் எடுத்து வருகிறேன்.