யோகேந்திரனின் வரவுத்தாள்

யோகேந்திரன் பதினாறு வருடமாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரி முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் மிச்சம். இப்படிப்பட்ட மனுசன்தான் மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் ஒரு சமூக நிலையத்தின் கீழ்த்தள அறையில், சனிக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு, மற்றவர்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று விசில் ஊதுகிற மாதிரி. ஆனால் விசிலை நன்றாக ஊதினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிழமை நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டு அடுக்குவார். மனைவி டொரொண்டோவில் மகளோடு இருந்தாள். மொன்றியல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். டொரொண்டோவில் என்ன வெயிலா கொளுத்துகிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். வெள்ளிக்கிழமை பின்னேரமே மறுநாளுக்கான சட்டையை மினுக்கி நாற்காலியில் போட்டுவிடுவார். கிழமையில் அவரை யாராவது எதிர்பார்க்கிற இரண்டு மணித்தியாலம் அது ஒன்றுதான்.

பட்டறையில் இரண்டு சட்டம். ஒருவர் வாசித்து முடித்தால் 'அருமை', 'பிரமாதம்' என்று வாய் திறக்கக்கூடாது. 'பேந்து?' என்று மட்டும் கேட்கலாம். பிறகு என்ன நடந்தது? கேட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமை அதை எழுதிக்கொண்டு வந்தே ஆகவேண்டும். இரண்டாவது சட்டம், எல்லோருக்கும் புனைபெயர். சொந்தப் பெயரில் எழுதினால் பாதி உண்மை பயத்திலேயே செத்துப்போகும் என்பது அவர் கொள்கை. கூப்பிடுவதும் புனைபெயரில், வரவுத்தாளில் கையெழுத்தும் புனைபெயரில். அந்தத் தாள் மாதக் கடைசியில் அலுவலகத்துக்குப் போகிறதே, அதில் இல்லாத பெயரைப் போடலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்தாளர் என்றால் வேறெப்படிக் கையெழுத்துப் போடுவதாம்?

2007 மார்ச்சில் நிலையப் பொறுப்பாளர் மதாம் ஜினெட் அவரைக் கூப்பிட்டார். அறை வேண்டுமென்றால் குறைந்தது நாலு பேர் இருக்க வேண்டும், அது விதி. யோகா வகுப்புக்காரரும் அதே அறையைக் கேட்கிறார்கள். அதனால் வரவுத்தாளில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள போன் இலக்கங்களுக்கெல்லாம் மதாம் போன் போட்டிருக்கிறார்.

"வெண்முகில் என்று கேட்டேன். ஒரு வயதான அம்மா எடுத்தார். அப்படி யாரும் அந்த வீட்டில் இல்லையாம்."

அது வெண்முகில் என்ற கிறேஸின் மாமியார். கார்டெரிக் காப்பகத்தில் பிள்ளை பார்க்கும் கிறேஸ் எழுதுகிற கதையில் அந்த மாமி மூன்றாம் பக்கத்திலேயே செத்துப்போயிருந்தார்.

"தீப்பொறி என்று கேட்டேன். ஒரு ஆண் எடுத்து, தவறான இலக்கம் என்று வைத்துவிட்டார்."

அது அருளம்பலமே. ஊரில் தபால் அதிபராக இருந்தவர், வயது எழுபத்தொன்று. ஒரு தபால் அதிபர் ஒரு தாதியைக் காதலித்த கதையை எழுதிக்கொண்டிருந்தார். போன் வந்தபோது மனைவி பக்கத்தில் நின்றிருக்கிறார். மனைவி தாதி இல்லை.

மூன்றாவது கிறகரி. அகதி விண்ணப்பம் இன்னும் தீராத பையன். பிரெஞ்சில் யாரோ கேட்டதும் போனையே நிறுத்திவிட்டான்.

"ஒருவர் மட்டும் உண்மை," என்று மதாம் தாளில் விரலை வைத்தார். "மகிழன். தாயார் எடுத்தார். இன்னும் வரவில்லை, வருவான் என்றார். நாலு தரம் எடுத்தேன், நாலு தரமும் அதே பதில். மற்ற மூன்று பேரும் நீங்கள் உண்டாக்கிய ஆட்கள்தானே?"

யோகேந்திரன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற மூன்று பேரும் இல்லையென்றாகி, இல்லாத ஒருவன் மட்டும் இருக்கிறானாம்.

மகிழன் என்பது நாலாவது ஆளான செல்வமலரக்காவின் புனைபெயர். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது சனத்துக்குள் கை நழுவிப்போன அவருடைய மகனின் பெயர். பத்தொன்பது வயது. போனில் பிரெஞ்சுக்காரி ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு தாய் வேறென்ன சொல்லுவாள்?

சனிக்கிழமை நாலு மணிக்குள் நாலு பேரும் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும், இல்லையென்றால் அறை இல்லை என்று மதாம் முடித்தார். அந்தக் கிழமை யோகேந்திரன் போனும் கையுமாகக் கெஞ்சினார்.

"அண்ணை, என்ர பேர் அங்க எழுதினா மாமிக்குத் தெரிய வரும். பேந்து எனக்கு வீட்டில சோறில்லை," என்றாள் கிறேஸ்.

"நீ ஏன் பிள்ளை அவவை மூண்டாம் பக்கத்தில சாகடிச்சனி? கடைசி வரைக்கும் வைச்சிருந்திருக்கலாமே."

"அதுவரைக்கும் ஆர் அண்ணை பொறுக்கிறது?"

அருளம்பலம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, தாதியை வேணுமெண்டா வாத்திச்சி ஆக்கிவிடுறன். பேரை மட்டும் கேக்காதையும்," என்றார். கிறகரி போனை எடுக்கவேயில்லை. யோகேந்திரன் பனிக்குள் இரண்டு பஸ் மாறி லாசாலுக்குப் போய், அவன் வேலை செய்யும் தெப்பனர் மூலைக்கடையில் வேண்டாத பால் பெட்டி ஒன்றை வாங்கி, மிச்சக் காசு தரும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கு அந்த அறையை விட்டா வேற ஒண்டுமில்லையடா."

அவன் பாலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான்.

சனிக்கிழமை மூன்றே கால் வரை ஒருவரும் வரவில்லை. மினுக்கிய சட்டையோடு நாலு வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரைக்குக் கிறேஸ் சிவந்த கண்ணோடு வந்தாள். பின்னால் அருளம்பலம், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கள்ளன் மாதிரி. கடைசியாகக் கிறகரி, அகதி விண்ணப்பக்காரருக்குக் கொடுக்கும் மண்ணிறக் கடுதாசியைச் சட்டைக்குள் ஒளித்தபடி. மூன்று பேரும் மதாமின் முன்னால் சொந்தப் பெயரை எழுதினார்கள். கிறகரி எழுதிய பெயர் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அவர்கள் வந்தது அறைக்காக இல்லை என்று யோகேந்திரனுக்கு விளங்கியது. மூக்கை உறிஞ்சி, தடிமன் என்று சமாளித்தார்.

மூன்றே முக்காலுக்குச் செல்வமலரக்கா வந்தார். அட்டையை நீட்டினார். மதாம் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"இவர் போனில் பேசிய மகிழனின் தாயார் அல்லவா? மகிழன் எங்கே?"

ஒரு வார்த்தை போதும். அதுவும் பொய்ப்பெயர், மகிழன் என்று ஒருவரும் இல்லை. அதை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினால் நாலு பேர் சரி, அறை மிச்சம். அவருக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில்கூட அது சின்ன வசனம்தான். மதாம் பேனையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்காவுக்கு விசயம் விளங்கிவிட்டது. "சொல்லுங்கோ தம்பி," என்றார். "இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். பதினொரு வருசமா எல்லாரும் சொல்லினதுதானே."

யோகேந்திரன் பேனையை வாங்கினார். இருபத்திரண்டு சனிக்கிழமை, இருபத்திரண்டு இடத்தில் மகிழன், மகிழன் என்று உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. உலகத்தில் வேறெந்தத் தாளிலும் அந்தப் பையன் இத்தனை நாள் வந்ததாகப் பதிவில்லை. பேனை முனையைத் தாளில் வைத்தார். ஒரு பொட்டு மட்டும் விழுந்தது.

பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அவர் வருவார், மதாம்," என்றார் பிரெஞ்சில். "கொஞ்சம் பிந்துது."

"நாலு மணி வரைதான், மிசியே."

"ஓம். தெரியும்."

கிறேஸ் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அருளம்பலம் தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் ஒன்றும் வாசிக்கவில்லை. மாடிப்படியில் யோகாக்காரர் பாயோடு வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மதாம் ஜினெட் மணிக்கூட்டைப் பார்க்காமல், அவர்கள் பார்க்கிற பக்கமே திரும்பி நின்றார். நாலு மணி வரைக்கும் ஆறு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.