உறுமாத நாயும் கண்ணாடிக்காரரின் கையுறையும்

முப்பத்தொரு வருடங்களாக அந்தத் தெருவில் எந்தச் சன்னல் உடைந்தாலும் எல்லோரும் ஓடுவது கண்ணாடிக்காரரிடம்தான். அவர் இதுவரை வெட்டிக் கொடுத்த கண்ணாடியை எல்லாம் வரிசையாகப் பரப்பினால் நிலாவுக்கு நடந்தே போய்விடலாம் என்பது அவருடைய மச்சானின் கணக்கு. பள்ளியில் மச்சான் கணக்கில் வாங்கிய மதிப்பெண் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நிலாவரை வேண்டாம், தெருக்கோடிவரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று கலப்படமில்லாத உண்மை. அத்தனை வருடங்களில் கண்ணாடிக்காரரின் கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

காரணம் அவருடைய கையுறை. முழங்கைவரை ஏறும் தடித்த தோல் கையுறை. கடை திறக்கும்போது மாட்டினால் சாத்தும்போதுதான் கழற்றுவார். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அன்றுதான் மனைவி அவருடைய விரல்களை முதன்முதலாகப் பார்த்தாராம். எண்ணிப் பார்த்துப் பத்தும் இருந்ததால் தானும் கையெழுத்துப் போட்டாராம்.

கீழே கடை, மேலே வீடு, நடுவில் மரப்படிக்கட்டு. இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு மழைநாள் காலை மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்கு நடுவே ஆறு கண்ணாடிகள், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் கைப்பிடி அளவில் ஒரு நாய்க்குட்டி. ஆறு கண்ணாடியும் முழுசு, குட்டியும் முழுசு. ஆணி அடித்த பெட்டிக்குள் அது எப்படிப் போனது என்று லாரிக்காரருக்கும் தெரியவில்லை. "தெரியாத மாதிரி நடிக்கிறாரு. இவரே வாங்கி உள்ள வெச்சு எனக்கு வித்தை காட்டுறாரு" என்று கணவரைக் காட்டினார் மனைவி. கண்ணாடிக்காரர் இன்றுவரை மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

குட்டியின் பால்பல் ஒவ்வொன்றும் கண்ணாடித் தூள் போலச் சுருக்கென்று இறங்கியது. அதனால் சில்லு என்று பெயர்.

எல்லாக் குட்டிகளையும் போலச் சில்லுவும் உலகத்தை வாயால்தான் விசாரித்தது. செருப்பு, துடைப்பம், சேலை நுனி, விரல். "என்னங்க, இது நாயா, தையல் மிஷினா?" என்று மனைவி கையை உதறுவார். ஆனால் அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். அரை நிமிடம் கழித்து வந்து பழைய துணி முடிச்சு ஒன்றைக் கொடுப்பார். கடித்தால் ஆள் போய்விடும், துணியைக் கடித்தால் ஆள் இருக்கும் என்று குட்டிக்கு மூன்றே வாரத்தில் புரிந்துவிட்டது. மனைவியின் விரல் வாய்க்குள்ளேயே போனாலும் பஞ்சைப் பிடிப்பதுபோல மெல்லப் பிடித்து விட்டுவிடும்.

மாடிப் பள்ளிக்கூடம் இப்படி. கீழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே சரியில்லை. கண்ணாடிக்காரர் கையுறையோடு கையை நீட்டுவார். குட்டி தொங்கிக் கடிக்கும். அவருக்கு எறும்பு ஊர்ந்ததுபோலக்கூட இருக்காது. "அவ்வளவுதானா? சாப்பிட்டியா இல்லையா? இன்னும் அழுத்துடா!" என்று சிரிப்பார். மாடியில் மெல்லப் பிடிக்கக் கற்ற வாய், கீழே வந்ததும் தோலைக் கண்டால் முழு பலத்தையும் காட்டலாம் என்று கற்றுக்கொண்டது. முதல் வாரங்களிலேயே மனைவி தன் புறங்கையிலிருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டி, "வலிக்குதுங்க, அப்படிப் பழக்காதீங்க" என்றால், "சும்மா பெரிசு பண்ணாதே. என்னை எத்தனை தடவை கடிச்சிருக்கு, பாரு, ஒண்ணுமில்ல" என்று தன் கையைக் காட்டுவார். கையுறையைத்தான் காட்டுவார்.

சில்லு வளர்ந்தது. வெட்டும் மேசைக்கு அடியில், மூன்று பக்கமும் கண்ணாடிகள் சாய்த்து வைத்த மூலைதான் அதன் இடம். எட்டு மாதத்தில் ஒருநாள் அங்கே எலும்பு கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் காலணி பக்கத்தில் வந்தது. சில்லு உறுமியது. கண்ணாடிக்காரருக்கு மானம் போய்விட்டது. கையிலிருந்த மர அளவுகோலால் மேசையில் படாரென்று அடித்தார். "மூடு வாயை! வந்தவங்களைப் பார்த்து உறுமுறதா?" அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவையும். நாளடைவில் உறுமல் நின்றுபோனது. அதன்பிறகு கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பெருமை. "நம்ம நாய் உறுமவே உறுமாது. வளர்ப்பு அப்படி."

இரண்டு வயதில் அந்த வளர்ப்பின் சாயம் வெளுத்தது.

நிலைக்கண்ணாடி ஒன்றை எடுத்துப்போக மச்சான் வந்திருந்தார். தூக்குவதற்காகக் கொக்கியில் தொங்கிய பழைய கையுறையை மாட்டிக்கொண்டார். அளவு நாடா கைதவறி மேசைக்கடியில் உருண்டது. குனிந்தார், கையை உள்ளே விட்டார். மூலையில் சில்லு. மூன்று பக்கமும் கண்ணாடி, நான்காவது பக்கம் மச்சான். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை. வந்தது தோல் கை, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. நைந்த கையுறையைத் துளைத்து மணிக்கட்டில் ஐந்து தையல்.

சில்லுவுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் மச்சானுக்கும் ஊசிகள் போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்த மச்சான் சொன்னார். "அத்தான், வாசல்ல போர்டு எழுதி வைங்க. 'உறுமாது'ன்னு பெரிசா. 'கடிக்கும்'னு அடியில பொடி எழுத்துல."

மனைவி சிரிக்கவில்லை. அவருடைய தந்தை, ரயில்வேயில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தார். கட்டுப் பிரித்ததும் மகள் வீட்டோடு வந்துவிடுவதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் எட்டு வாரம்.

"அப்பா கைத்தடியோட நடப்பாரு. ஒரு காது சுத்தமாக் கேட்காது, இன்னொண்ணு அரைகுறை. இதை நம்பி எப்படிங்க விடுறது?"

"கட்டி வெச்சிடலாம்."

"காலம் பூராவா? கல்பட்டறைக்காரர் காவலுக்கு நாய் கேட்டாரு. எட்டு வாரத்துல இது மாறலைன்னா அங்க அனுப்பிடுவோம். எனக்கு மட்டும் ஆசையா?" அதைச் சொல்லும்போது அவருடைய விரல்கள் சில்லுவின் காதைத்தான் நீவிக்கொண்டிருந்தன.

கல்பட்டறையை நினைத்துப் பார்த்தார் கண்ணாடிக்காரர். நிழலில்லாத முற்றம், இரண்டு முழச் சங்கிலி. அன்று மூன்று கண்ணாடிகளை அளவு மாற்றி வெட்டினார்.

கால்நடை மருத்துவர் ஓர் அம்மாள். குள்ளமான உருவம், கோடை இடி மாதிரிக் குரல். முதலில் சில்லுவின் காது, பல், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வலி இருந்தாலும் நாய் கடிக்கும் என்றார். வலி ஒன்றுமில்லை. பிறகு, எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். உறுமலை நிறுத்திய இடத்தில் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, உங்க வீட்டுல நெருப்புப் பிடிச்சா மணி அடிக்கிற கருவி இருக்குன்னு வெச்சுக்கோங்க. அது கத்துதேன்னு ஒயரைப் பிடுங்கிப் போட்டா நெருப்பு அணைஞ்சிடுமா?"

"அணையாதும்மா."

"அதைத்தான் பண்ணியிருக்கீங்க. அது பயந்துதான் உறுமுச்சு. பயம் அப்படியே இருக்கு, சத்தத்தை மட்டும் எடுத்துட்டீங்க."

கண்ணாடிக்காரரின் நிமிர்வு தளர்ந்தது. "அந்தச் சத்தம் திரும்ப வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம். அதுவரைக்கும் அதோட உடம்பைப் படிக்கக் கத்துக்கோங்க. வாய்மூடி போட்டுப் பழக்குங்க. அப்புறம், இந்தக் கையுறையைக் கழற்றுங்க. கண்ணாடியைத் தொட அது. நாயைத் தொட வெறுங்கை."

வைத்தியம் என்றால் மருந்துச் சீட்டு என்று நினைத்துப் போனவர், வீட்டுப்பாடத்தோடு திரும்பினார். மேசைக்கடியிலிருந்த சாக்கை எடுத்துப் படிக்கட்டோரம், இரண்டு பக்கமும் வழியிருக்கிற இடத்தில் போட்டார். சாக்கில் படுத்திருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது, கூப்பிட்டால் அது எழுந்து வர வேண்டும். கூடை மாதிரியான வாய்மூடிக்குள் கோழித் துண்டை வைத்து நீட்டினார். முதல் நாள் மூக்கை மட்டும் நுழைத்தது, நான்காம் நாள் முகம் முழுவதையும். பத்தாம் நாள் வாய்மூடியை எடுத்தாலே வாலாட்டியது.

கைத்தடிப் பாடம்தான் பெரும்பாடு. துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு கடையின் அந்தக் கோடியில் கண்ணாடிக்காரர் நடப்பார். சில்லு அமைதியாகப் பார்த்தால் மனைவி ஒரு துண்டு கறி போடுவார். அது விறைத்தால் அவர் இரண்டடி பின்னால் போக வேண்டும். கிட்ட வருவது ஒரு நாளைக்கு ஓர் அடிதான். தெருவில் போவோர், பாவம், அவருக்கும் கால் போய்விட்டது என்று உச்சுக்கொட்டிப் போனார்கள். அவரும் மறுக்கவில்லை, நொண்டலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

உடம்பைப் படிப்பது எழுத்துப் படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்டதை எல்லாம் ஒரு துண்டுக் கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் எழுதிச் சுவரில் மாட்டினார். உதட்டை நக்கினால் கூச்சம். முகத்தைத் திருப்பினால் 'போய்விடு'. காது பின்னால் ஒட்டினால் கவனம். கண்ணோரம் வெள்ளை தெரிந்து உடம்பு உறைந்தால் நிறுத்து. ஆறு வாரம் போயிற்று, ஏழும் போயிற்று. கட்டை ஊன்றி இரண்டடி தூரத்தில் போனாலும் சில்லு வாலை ஆட்டியது. ஆனால் ஒரு முறைகூட உறுமவில்லை. உறுமாத நாய் என்று ஊரெல்லாம் சொன்னவர், காலையில் எழுந்ததும் "இன்னிக்காவது உறுமுடா கண்ணா" என்று அதனிடம் கெஞ்சினார்.

எட்டாவது வாரம் மாமனார் வந்து இறங்கினார். முதலில் சுவரிலிருந்த கண்ணாடியைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மாப்பிள்ளை, இதுல என்ன இருக்கு? முப்பத்தாறு வருஷம் இதைத்தானே பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்குக் காது எதுக்கு?"

"அப்பா, இது ரயில் இல்ல, நாய்!" என்று மகள் அவருடைய அரைகுறைக் காதில் கத்தினார்.

"ரயில் உன்னைப் பார்த்து வாலை ஆட்டுமா? இது எவ்வளவோ மேல்" என்றார் அவர்.

மூன்று நாள் மாமனாருக்கும் சில்லுவுக்கும் நடுவில் மரத்தடுப்பு இருந்தது. நான்காம் நாள் காலை, வாய்மூடி போட்டுத் தடுப்பைத் திறந்தார்கள். கண்ணாடிக்காரர் மேசையில் ஒரு சிறு சட்டத்துக்குக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கையுறை இல்லை; நாய் பக்கத்திலிருந்தால் அவர் இப்போது அதை மாட்டுவதில்லை. மாமனார் தடியூன்றி நாற்காலியை நோக்கி நடந்தார். பாதி வழியில் தடியின் ரப்பர் முனை கழன்று உருண்டு சாக்கின் விளிம்பில் போய் நின்றது.

மாமனார் குனியப் போனார்.

சில்லு உதட்டை நக்கியது. முகத்தைத் திருப்பியது. காது பின்னால் போனது, கண்ணோரம் வெள்ளை தெரிந்து உடம்பு உறைந்தது. கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பாதிக் குனிவில் நின்றுவிட்டார்.

"சிவப்பு விழுந்தாச்சு" என்று சாவதானமாகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து, ஓரடி பின்னால் வைத்தார்.

அப்போதுதான் அது கேட்டது. காய்ந்த கண்ணாடியில் மழுங்கிய வெட்டுச்சக்கரம் ஓடுவதுபோல, துருப்பிடித்த, சின்ன, கரகரத்த ஓர் உறுமல். சில்லுவே அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கணம் கண்ணாடிக்காரரைப் பார்த்தது. அளவுகோல் மேசையில் இறங்குமா என்று பார்த்திருக்கலாம்.

இறங்கியது அளவுகோல் இல்லை, கையிலிருந்த கண்ணாடி. கலீரென்று மேசையிலேயே இரண்டாக உடைந்தது.

"உறுமிட்டான்! மாமா, கேட்டீங்களா, உறுமிட்டான்!" என்றார் கண்ணாடிக்காரர். கத்தவில்லை, கோவிலில் பேசுவதுபோல அடங்கிய குரலில் சொன்னார்.

"என்ன? என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க சரியா நின்னீங்க."

சில்லுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது சாக்கைவிட்டு எழுந்து வந்து, வாய்மூடியின் இடைவெளி வழியாகக் கறித் துண்டை வாங்கிக்கொண்டது. மாமனார் ரப்பர் முனையைத் தடியாலேயே தள்ளி எடுத்துக்கொண்டு, நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு மனைவி படியிறங்கி ஓடி வந்தார். எல்லோரையும் எண்ணினார், எல்லோரும் முழுசு. "உறுமுச்சா?"

"உறுமுச்சு. உங்கப்பா அதுக்கு முன்னாடியே நின்னுட்டாரு."

மனைவி படியில் உட்கார்ந்தார். பிறகு கைபேசியை எடுத்து, "கல்பட்டறைங்களா? நீங்க வேற நாய் பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்தார். "வாய்மூடி இருக்கும். தடுப்பும் இருக்கும். சாக்குப் பக்கம் யாரும் போகக்கூடாது. சும்மா குதிக்காதீங்க" என்றார் கணவரிடம். கணவர் குதிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு.

மாலையில் மச்சான் வந்தார். ஒட்டுப்பட்டை போட்ட கையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அத்தான், உங்களையுமா?"

"இல்ல மச்சான், இது கண்ணாடி" என்று வெறுங்கையை நீட்டிக் காட்டினார் கண்ணாடிக்காரர். "இவ்வளவு சின்னக் கீறலுக்கே வலிக்குதுடா. உங்க அக்கா அன்னிக்குப் பெரிசு பண்ணலை."