மாலையில் மட்டும் திணறிய கணினி

வில்பட்டியில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடும் ஒரே ஆள் நான்தான். பகலில் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் துப்பாக்கியோடு எதிரிகளைத் துரத்துகிறேன். திண்டுக்கல்லில் இருக்கும் என் தம்பிதான் எங்கள் ஐவர் அணிக்குத் தலைவன். ஒரு மழைக்காலத்தில் அவன் போனில் கறாராகச் சொன்னான்: “அக்கா, நீ நின்னு நின்னு ஓடுற. உன்னாலதான் தோக்குறோம். ஞாயித்துக்கெழம போட்டிக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவேன்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த அணிக்கு ஆள் சேர்த்ததே நான்.

முதலில் இன்டர்நெட்டைத் திட்டினேன். மலையில் எது கெட்டாலும் அதைத்தான் திட்டுவோம். ஆனால் இன்டர்நெட்டே தேவைப்படாத விளையாட்டும் திணறியது. பிறகு கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு, படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். அழகு போனதுதான் மிச்சம். லீவு நாளில் காலையில் ஆடினால் தங்குதடையில்லாமல் ஓடியது. சாயங்காலம் அதே விளையாட்டு, அதே மெஷின், நொண்டியடித்தது. பேய் கீய் பிடித்திருக்கிறதா என்ன?

கடைசியில் சூட்டைக் காட்டும் எண்ணை மானிட்டரின் ஓரத்தில் ஓடவிட்டு ஆடினேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் கிட்டத்தட்ட நூறு டிகிரியைத் தொட்டது. அவ்வளவு சூடானால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கிராபிக்ஸ் கார்டோ வேலை வராமல் சும்மா உட்கார்ந்திருந்தது. நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறேன், இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது சித்திரை வெயில்?

சூடான காற்று வெளியேறும் பின்பக்கத்தைப் பார்க்க எழுந்தேன். என் மேசைக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை. அதற்கு அப்பால் மாமனாரின் கட்டில். சீலையை விலக்கினேன். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில், விசிறி ஓட்டையை அடைத்துக்கொண்டு, கிளிப் போட்டபடி இரண்டு கம்பளி சாக்ஸும் ஒரு குரங்குக் குல்லாவும் தொங்கின. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார்.

“காலையில போட்டுட்டுப் போயி நனைச்சுட்டு வர்றேன், மழையில ஒண்ணும் காயமாட்டேங்குது தாயி. இங்கன நல்லா சூடாக் காத்து வருது, அதான்,” என்றார்.

அடக் கடவுளே. கரண்ட் பில்லைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கரித்துக்கொட்டியவர், மழை தொடங்கியதிலிருந்து, “ஏம்மா, இன்னைக்கு ஆடலையா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மருமகள்மேல் பாசம் பொங்கிவிட்டதென்று விடுதி முழுக்கப் பீற்றியிருந்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

“மாமா, அது மூச்சு விடுற வழிங்க. அடைச்சா மெஷின் படுத்துரும். ஞாயித்துக்கெழம இப்படி ஆச்சுன்னா என்னய டீமை விட்டே தூக்கிருவாங்க,” என்றேன்.

அவர் கிளிப்பைக் கழற்றிச் சாக்ஸையும் குல்லாவையும் எடுத்துக்கொண்டார். போச்சு, இனி பழையபடி கரண்ட் பில் புராணம்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலை கம்ப்யூட்டர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசி எதிரியை நானே சாய்த்தேன். “அக்கா, ஒன் எடம் ஒனக்குத்தான்,” என்றான் தம்பி. ஹெட்போனைக் கழற்றி, மாமனாரிடம் சொல்லலாமென்று சீலையை விலக்கினேன்.

அவர் கட்டில் ஓரத்தில் குந்தி, குடையின் நுனியில் சாக்ஸைத் தொங்கவிட்டு, விசிறிக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். மறு கையால் முழங்கையைத் தாங்கியிருந்தார். ஆட்டம் முழுக்க அப்படியேதான் பிடித்திருக்கிறார்.

“ஜெயிச்சியா?”

“ஜெயிச்சிட்டோம் மாமா.”

“அப்ப வெரசா இன்னொரு ஆட்டம் போடு தாயி. ஒத்தச் சாக்ஸு இன்னும் ஈரமாக் கெடக்கு.”